முதல் புதன்கிழமைச் சங்கு

ஓடுகிறேன். ஒரு கையில் பிள்ளையின் மணிக்கட்டு. மற்றக் கையில் பாண். சங்கு ஊதுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. திரும்ப ஏறுகிறது. வானத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத வானத்தை நான் நம்பமாட்டேன். முன்னால் குழி. நீளக் குழி. நெஞ்சளவு ஆழம். புண்ணியவான்கள் யாரோ வெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தள்ளுகிறேன். அவளுக்கு மேலே விழுகிறேன்.

"படு! தலையைத் தூக்காதை! படு!"

அது வன்னி இல்லை. லாகூர்நெவ். பாரிஸின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஊர். புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. வன்னியிலிருந்து தப்பிய நானும் என் சின்னவள் சுகன்யாவும் அங்கே வந்து ஒன்பது நாள். குழி தண்ணீர்க் குழாய் போட வெட்டியது. மஞ்சள் சட்டைத் தொழிலாளர்கள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டோடு குந்தியிருந்தார்கள். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்க எங்களைப் பார்த்தார்கள். வேறு ஒருவரும் ஓடவில்லை. ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு போனாள். நாய்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எண்ணிக்கொண்டு கிடந்தேன். நூற்றொன்றில் சங்கு நின்றது. அதன் பிறகும் எழும்பவில்லை. தொழிலாளி ஒருவர் குழிக்குள் இறங்கிக் கையை நீட்டினார். சுகன்யாவின் முழங்கை பிசகியிருந்தது. பத்து வயதுப் பிள்ளை. அழவில்லை. அவள் அழாததைப் பார்த்து நான்தான் குழறி அழுதேன்.

எங்களை அங்கே கூப்பிட்டவன் என் தம்பி. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சொன்னான். மாதத்தின் முதல் புதன்கிழமை அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்களாம். வேலை செய்கிறதா என்று. நாடு முழுவதும். வருடக்கணக்காகக் கேட்டு அவனுக்கு அது காதிலேயே விழுவதில்லை. அதனால் சொல்ல மறந்துவிட்டான். எனக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. சண்டை இல்லாத நாட்டில் சங்கு என்ன வேண்டிக்கிடக்கிறது?

நான் ஏன் எண்ணினேன் என்று சொல்லவேண்டும். இதை வாசிக்கிறவர்கள் மறக்கக்கூடாத இடம் இது.

மாசி மாதம். வன்னியில் தேவிபுரம். பங்கருக்குள் நான்கு பேர். இவர். மூத்தவள் மாதங்கி. சின்னவள் சுகன்யா, அப்போது எட்டு வயது. நான். மல்ரி பரல் என்றால் ஷெல் ஏவும் வண்டி, ஒன்றுக்கு நாற்பது குழாய். நாற்பதும் விழுந்தபின் திரும்ப நிரப்பச் சில நிமிடம் எடுக்கும். அந்தச் சில நிமிடத்துக்குள்தான் எங்கள் சீவியம். தண்ணீர் அள்ளவேண்டும். கஞ்சி வாங்கவேண்டும். பற்றைக்குள் ஒதுங்கிவிட்டு வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு பங்கரிலும் ஒருவர் எண்ணுவார். மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. எங்கள் பங்கரில் நான். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். எனக்கு எண்ணிக்கை பிழைக்காது என்பதில் இவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி தாண்டிவிட்டது. தும். தும். தும் தும். கூரை மண் தலையில் கொட்டுகிறது. சுகன்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடிக்குள் கிடக்கிறாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. நிற்கிறது.

"முடிஞ்சுது. போங்கோ. கெதியாப் போங்கோ!"

இவர் வாளியோடு ஏறினார். பின்னால் மாதங்கி தண்ணீர்க் கானோடு ஏறினாள். கிணறு இருபது காலடித் தூரம்.

இன்னும் ஒன்று இருந்தது.

எங்கே பிழைத்தது என்று இன்றுவரை தெரியாது. எதிரொலித்த ஒன்றை இரண்டாக எண்ணியிருப்பேன். தம்பிக்குச் சொன்னேன், தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஷெல் விழுந்தது என்று. அகதி விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதினேன். பொய் இல்லை. நான் "போங்கோ" என்றதை மட்டும் விழுங்கிவிட்டேன். சுகன்யா காதைப் பொத்தியிருந்தாள். அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நினைப்பில்தான் நான் சோறு தின்றேன்.

லாகூர்நெவ்வில் ஏழு வருடம். அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வீடு தந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தந்தது. குழிக்குள் இறங்கிய அந்தத் தொழிலாளி பிறகு ட்ராமில் கண்டால் எழும்பித் தன் இடத்தைத் தருவார். ஆனால் மாதத்தில் ஒரு புதன் வரும். குளியலறைக் கதவைப் பூட்டுவேன். தண்ணீரை முழுக்கத் திறந்துவிடுவேன். அப்படியும் கேட்கும். நூற்றொன்று வரை எண்ணுவேன். ஒரு மாதமும் பிழைக்கவில்லை. அதை நினைக்கத்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். பிழைக்கக்கூடாத அன்று பிழைத்துவிட்டு, இதை மட்டும் சரியாக எண்ணி என்ன கண்டேன்?

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்ததும் லண்டனுக்கு வந்தேன். பிள்ளையின் இங்கிலிஷ் படிப்புக்கு என்று ஊருக்குச் சொன்னேன். எல்லோரும் சொல்கிற காரணம். ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. நாங்கள் குடியிருக்க வந்த வால்தம்ஸ்டோவில் சங்கு இல்லை.

பிள்ளை நன்றாகத்தான் படித்தாள். படித்துவிட்டு, போன புரட்டாதியில் லாகூர்நெவ்வுக்கே திரும்பிப் போனாள். அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்க. நகரசபைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. என் இங்கிலிஷ் பொய் என்னிடமே திரும்பி வந்தது.

இன்று முதல் புதன். நான் வேலை செய்யும் ஃபாரஸ்ட் கேட் கடையில் முதல் புதன் காலை ஷிப்ட் எடுக்கமாட்டேன். கோயிலுக்குப் போகிறேன் என்று முதலாளி நினைக்கிறார். நினைக்கட்டும். இருக்கிறேன். எழும்புகிறேன். கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுகிறேன். இங்கே பத்து ஐம்பத்தெட்டு. அங்கே பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். போன் எடுக்கிறேன். புதன்கிழமை பின்னேரம் அவளுக்கு வகுப்பு இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள். சமைக்கிறாள். யன்னல் திறந்திருக்கிறது.

தொடங்கிவிட்டது. போனுக்குள்ளால் வருகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. வாய்விட்டே எண்ணுகிறேன். முப்பத்தொன்பது. நாற்பது. எனக்கு அதற்கு மேல் போகவில்லை. சொல்லிவிட்டேன்.

"சுகன்யா, அண்டைக்கு அப்பாவையும் அக்காவையும் நான்தான் போகச் சொன்னனான். நாற்பது எண்டு பிழையா எண்ணிப்போட்டன்."

அங்கே சங்கு இன்னும் ஊதுகிறது. அடுப்பில் ஏதோ பொரிகிறது. அவள் அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்கிறது.

"தெரியும், அம்மா. காதைப் பொத்தினாலும் எல்லாம் கேட்டது. நானும் எண்ணினனான். எனக்கு முப்பத்தொன்பது."

போனைக் காதோடு அழுத்துகிறேன்.

"நீங்கள் ரீச்சர். உங்களுக்குப் பிழைக்காது எண்டு நினைச்சன். வாயைத் திறக்கக்கூடாது எண்டும் சொல்லியிருந்தனீங்கள். அதுதான் பேசாமல் இருந்தனான்."

சங்கு நின்றது. எத்தனையில் என்று இருவருக்கும் தெரியாது. முதல் தடவையாக முடியும்வரை எண்ணவில்லை. இரண்டு பேரும் அழுதோம். நான் நின்றபடி. அவள் எப்படி என்று தெரியவில்லை. அடுத்த முதல் புதனுக்கு அங்கே நிற்பேன் என்றேன். கடைக்கும் லீவு சொல்லிவிட்டேன்.

இனி, இழந்தவை. இவர், நாற்பத்துநான்கு வயது. மாதங்கி, பதினாறு. ஒரு வாளி. ஒரு கான். தேவிபுரத்துக் கிணறு. சுகன்யாவின் இடது முழங்கை, அது இன்னும் முழுதாக நிமிராது. இதுவரை பட்டியலை இத்தோடு நிறுத்திவந்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றையாவது அந்தப் பங்கரிலிருந்து முழுசாக வெளியே கொண்டுவந்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் இவ்வளவு காலமும் அதற்குள்ளேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இழந்தது இரண்டு பேர் என்று எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்தேன். அதுவும் பிழை. மூன்று பேர்.