மிச்சம் எங்கே என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, வங்கியிலிருந்து வந்திருக்கும் மேலாளர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, வீடு அளந்து வயிறு வளர்க்கும் என் சக மதிப்பீட்டாளர்களே, அக்கா அளந்த வீடுகளிலிருந்து வந்திருக்கும் குடும்பத்தினரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

செயலாளர் எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு அவர் மணி அடித்தாலும் நான் உட்காரப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? 'மூத்த வீட்டு மதிப்பீட்டாளர், சங்கத்தின் முன்னாள் செயலாளர்' என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் என்னிடமே வந்து யார் சார் அது என்று கேட்டார்கள். எட்டிப்பார் அக்கா என்றேன். ஐயோ, அவங்களா என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். பட்டமும் பதவியும் நாம் கொடுத்தது. எட்டிப்பார் என்ற பெயர் அவரே சம்பாதித்தது.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டின் பேரில் வங்கி கடன் கொடுக்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் போய் அந்த வீட்டைப் பார்த்து, அளந்து, இது இவ்வளவு பெறும் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர்தான் நாங்கள். நாங்கள் எப்படிப் பார்ப்போம்? கூடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்போம், அறைகளில் தலையை நீட்டுவோம், சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவோம், கிளம்பிவிடுவோம். அக்கா அப்படியா? தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பார். பரணில் எட்டிப்பார்ப்பார். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு, உள்ளே இருந்தபடியே நமக்குப் பதில் சொல்வார்.

ஒரு வீட்டில் குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. எனக்கும் அது தெரிந்தது, பேசாமல் இருந்தேன். அக்கா ஏன் என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். உள்ளே இருந்து அவர் மனைவி வந்து சொன்னார்: மாமனார் ஒருமுறை உள்ளே வழுக்கி விழுந்து, உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தாராம். திறக்க முடியாமல் போன அன்றைக்கே கதவைத் திருப்பி மாட்டிவிட்டார்களாம். வெளியே வந்ததும் நான் எரிந்து விழுந்தேன். எதுக்கு அக்கா இதெல்லாம், படிவத்தில் இதுக்குக் கட்டமே இல்லையே என்றேன். கட்டம் இல்லேன்னா என்னப்பா, கதவு இருக்கே என்றார். அந்தக் காலத்துப் படிவத்தில் கதவுக்கும் கட்டம் கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. 'நிலை: நன்று' என்று எழுதினால் வேலை முடிந்தது.

பிறகு வந்தது புதுப் படிவம். தலையணை கனத்துக்கு வந்தது! ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், சமையலறைக்கு ஒரு நிலை, குளியலறைக்கு ஒரு நிலை, எல்லாவற்றுக்கும் படம். வீட்டின் வரைபடத்தைத் தொடுதிரைக் கருவியில்தான் வரைய வேண்டும், கோடுகள் ஒன்றோடொன்று சேராவிட்டால் கருவி சிவப்பாகக் காட்டும். இதையெல்லாம் விடக் கொடுமை, வீட்டை வேறு யாராவது போய்ப் பார்க்கலாம், மதிப்பீட்டாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அறிக்கை எழுதலாம் என்றார்கள். சும்மா விடுவேனா? இதே மண்டபத்தில் நின்று கர்ஜித்தேன். பார்க்காத பெண்ணுக்குப் பொருத்தம் சொல்வதா, பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதா என்று கேட்டேன். கூரை இடிந்துவிடும் போலக் கைதட்டினீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு ஒரே ஒருவர் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் அக்கா அந்தப் படிவத்தை மடியில் வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நீங்களாவது நாலு வார்த்தை திட்டுங்க அக்கா என்று போய் நின்றேன்.

"இரு தம்பி. இது என்ன கேக்குதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நல்லாத்தான் கேக்குது."

படிவத்தைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கிழித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லாக் கேக்குது என்று பாராட்டிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.  இப்போதும் சொல்கிறேன், அந்தப் படிவத்தில் பாதிப் பக்கம் தேவையில்லாதது. மேலாளர் அம்மா குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வருடம் அக்காவின் இதயம் தகராறு செய்ய ஆரம்பித்தது. மாடி ஏறக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எட்டிப்பார்க்கக் கூடாது என்றால் அக்காவுக்கு என்ன மிச்சம்? ஓய்வு பெற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ, நான் வாய் கிழியத் திட்டிய அதே வழியைப் பிடித்துக்கொண்டார். வேறொருவர் போய்ப் பார்க்கட்டும், நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றார். அந்த வேறொருவர் யார் தெரியுமா? அடியேன்தான்! என்னை ஏன் கூப்பிடுறீங்க, நான் இதுக்கு எதிரியாச்சே என்றேன். நீதான் எதையும் லேசுல நம்ப மாட்டே, அந்த மாதிரி ஆள்தான் வேணும் என்றார். சங்கத் தலைவரான நான் ஒரு கையில் போனும் மறுகையில் டேப்புமாகத் தெருத்தெருவாக அலைந்தேன். போனுக்குள்ளிருந்து அக்கா, இடது பக்கம் திரும்பு, குனி, கதவுக்குப் பின்னாடி காட்டு என்று ஆட்டிவைத்தார். பின்னால் மாமாவின் குரல் கேட்கும், அந்த மனுஷனைக் கொஞ்சம் மூச்சு விட விடு என்று. சரிதானே மாமா?

அப்படித்தான் ஒரு நர்ஸின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வரிசையில் அவரும் அவர் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா போன பிறகு தாயும் மகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். அண்ணன் வேற்றூரில். அவர் கெட்டவர் இல்லை, தன் பங்கைக் கேட்டார், அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் தங்கை அதைப் பணமாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தயாராக நிற்கும் ஆளுக்கு வீட்டை விற்றுவிட வேண்டும். நர்ஸ் வங்கிக் கடனை நம்பியிருந்தார். வங்கி எங்கள் அறிக்கையை நம்பியிருந்தது.

போய்ப் பார்த்தால் மாடியில் ஒரு நல்ல அறை, ஆனால் அதற்கு வெளியே இரும்புப் படி. புது முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வெட்டவெளிக்கு வந்து ஏறித்தான் ஓர் அறைக்குப் போக முடியும் என்றால், அந்த அறை வீட்டோடு சேராது. அதைத் தனியாக எழுத வேண்டும், மதிப்பும் மட்டு. மாடி அறை சேராவிட்டால் வீட்டின் மதிப்பு குறையும், கடன் எட்டாது, வீடு கைமாறும். அதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது? அவர் பணி உடுப்போடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கிப் போய், சேர்த்துப் போட்டுத் தொலைங்க அக்கா, யாருக்குத் தெரியப் போகுது என்று போனில் கிசுகிசுத்தேன். எனக்குத் தெரியுமே என்றார். 

கீழ்த்தளத்தையாவது ஒழுங்காக வரைந்து முடிப்போம் என்று அளந்தேன். கோடு சேரவில்லை. வெளிச்சுவரை அளந்தால் ஒரு நீளம், உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் அதைவிடக் குறைவு. ஏறக்குறைய ஒரு கதவு அகலம் கணக்கில் இடித்தது. கருவி சிவப்பாக நின்றது. எங்களில் பலரும் அப்போது என்ன செய்வோம்? விரலால் கோட்டை இழுத்து ஒட்டவைப்போம். சிரிக்காதீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். போனில் அக்கா பார்த்துக்கொண்டிருப்பதை மறந்து நானும் விரலைக் கொண்டுபோனேன்.

"கையை எடு தம்பி. மிச்சம் எங்கே?"

மறுபடியும் அளந்தேன். அதே கணக்குத்தான் வந்தது. அக்காவின் குரலில் அப்போது வந்த உற்சாகத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உடம்புக்கு முடியாத மனுஷி மாதிரியே இல்லை. சமையலறைக்கும் பின் அறைக்கும் நடுவில் தட்டச் சொன்னார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பீரோவை நகர்த்தச் சொன்னார், நானும் நர்ஸும் முட்டித் தள்ளினோம். பின்னால் சுவர் இல்லை, சுவரின் நிறத்தில் வர்ணம் பூசிய பிளைவுட் பலகை. மகள் திகைத்துப் போனார். அதுவரை கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனைத் திருப்பச் சொன்னார் அக்கா. அம்மா, இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு என்று கேட்டார்.

"படி. மேலே குடி வச்சப்போ அவர் அடைச்சுட்டாரு. இவ அப்ப கைக்குழந்தை."

ஏம்மா எங்கிட்டச் சொல்லவே இல்லை என்று மகள் கேட்டார்.

"யாரும் கேக்கலையே."

அந்த அம்மா இங்கே இருக்கிறார்கள், அதனால் அவர்கள் முன்னால் கேட்கிறேன். எத்தனை பேர் அந்த வீட்டுக்குள் வந்து போயிருப்போம்? அதே பீரோவில் எத்தனை பேர் சாய்ந்து நின்றிருப்போம்? எவருக்காவது கேட்கத் தோன்றியதா?

நான் துள்ளினேன். எழுதுங்க அக்கா, உள்ளேயே படி இருக்கு, மாடி சேர்ந்தாச்சு என்றேன். இன்னைக்கு அது சுவர்தான், படியாகட்டும் எழுதுறேன் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நர்ஸின் முகம் விழுந்துவிட்டது. தச்சரோ அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார், அதற்குள் கெடு முடிந்துவிடும். அப்போது அந்த அம்மா எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார். அவர் அடிச்ச ஆணி, நானே பிடுங்குறேன் என்று முதல் ஆணியைக் கழற்றினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கீழ்ப் பலகை விழுந்தது. மேலே போய்க் கட்டிலைத் தள்ளிவிட்டு, தரையில் படியை மூடியிருந்த பலகையையும் பெயர்த்தோம். நடுவில் இருட்டாக, தூசி மூடி, படி அப்படியே இருந்தது.

அத்தோடு விட்டாரா அக்கா? ஒவ்வொரு படியையும் மிதித்துக் காட்டச் சொன்னார். இன்னும் அழுத்தி மிதி, உன்னைத் தாங்கினா யாரையும் தாங்கும் என்றார். நான் தும்மிக்கொண்டே ஏறி மாடி அறைக்குள் தலையை நீட்டியபோது, போனுக்குள் அக்கா சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அறிக்கை போனது. மாடி வீட்டோடு சேர்ந்தது. கடன் வந்தது, அண்ணனுக்குப் பங்கு போனது. இரும்புப் படியில் ஏறப் பயந்து பல வருடம் மாடியைப் பார்க்காத அந்த அம்மா, இப்போது தினமும் ஏறிப் போய் அங்கே உட்காருகிறாராம்.

கடைசியாக, அந்த நர்ஸ் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குத்தான் அக்காவைக் கொண்டுபோனோம். படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதும் இவர் சும்மா இருக்கவில்லை, கண்ணாலேயே நடைபாதையை அளந்திருக்கிறார். படுக்கையில் போட்டதும் நர்ஸைக் கூப்பிட்டு, வெளியே நடை நீளமா இருந்துச்சே, உள்ளே அறை குட்டையா இருக்கே, அந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறார். பல வருடம் அங்கே வேலை செய்த நர்ஸுக்குத் தெரியவில்லை. பார்த்துட்டு வந்து சொல்றேன் அக்கா என்று போயிருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது படுக்கையைச் சுற்றி மருத்துவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நேற்று எனக்குப் போன் செய்து அழுதார் இந்தப் பெண். அக்கா கேட்டதுக்கு நான் பதில் சொல்லவே இல்லையே சார் என்றார். மேடையில் வந்து நீயே சொல்லும்மா என்றேன். என்னால ஆகாது சார், நீங்க சொல்லுங்க என்றார். என்னால் மட்டும் ஆகுமா? இருந்தாலும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் சங்கத்தின் சார்பில் ஓர் உறுதிமொழி. படிவத்தை எதிர்த்து நாம் கொடுத்த மனுவை நான் திரும்பப் பெறப்போவதில்லை, அக்காவே வந்து சொன்னாலும் மாட்டேன். ஆனால் இன்று முதல் நம்மில் ஒருவரும் சேராத கோட்டை விரலால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. இடித்தால் திரும்பப் போய் அளக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள். நன்றி. செயலாளரே, நீங்களும் தூக்குங்கள்.

அக்கா, இப்போது உங்களிடம் பேசுகிறேன். அந்தச் சுவருக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை இருக்கு. அதுக்குக் கதவு அந்தப் பக்கத்து நடையில. துவைச்ச போர்வையெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க. ஒரு ஸ்டூல் கிடக்கு, கால் கடுத்தா நர்ஸுங்க வந்து கொஞ்ச நேரம் உட்காருவாங்களாம். இன்னைக்குக் காலையில அனுமதி வாங்கிட்டு டேப்போட நானே போய் அளந்தேன். உங்க அறை, அந்தச் சின்ன அறை, நடுவுல சுவர், எல்லாத்தையும் கூட்டி வெளி நடை நீளத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரு சாண் இடிக்குது அக்கா. நாளைக்கு மறுபடியும் போறேன்.