பாத்தால் என்றாள், பார்த்தால் என்று கேட்டேன்

மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து அவைத்தலைமையை அழகுசெய்யும் அம்மையார் புஷ்பவள்ளி அவர்களே! பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றபடியே கைப்பேசி நோக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் இந்தச் செம்பனை லோரி ஓட்டி திருச்செல்வத்தின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

'கைப்பேசிக் கட்டணக் கண்ணிகள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அறிஞர்கள் இருக்க என்னை ஏன் அழைத்தார்கள்? ஏமாந்த கதை என்னிடம்தானே இருக்கிறது! சிரியுங்கள் ஐயா, தாராளமாகச் சிரியுங்கள். நானும் இப்போதுதான் சிரிக்கப் பழகியிருக்கிறேன்.

கோயில் திருவிழாப் பதாகையில் என் படமும் வரும் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயது முகத்தை அப்படியே போட மனம் வருமா? முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கினேன். மூன்று நாள் இலவசம் என்றது; கையோடு வங்கி அட்டை எண்ணையும் கேட்டது. இலவசத்துக்கு எதற்கு எண் என்று யோசித்தேனா? இல்லையே! கன்னத்துக் குழி மறைந்த களிப்பில் கொடுத்துவிட்டேன். பதாகை ஏறியதும் செயலியை நான் மறந்தேன். அது என்னை மறக்கவில்லை. வாரம் தவறாமல் என் கணக்கிலிருந்து முப்பது வெள்ளிப் பணம் எடுத்தது.

என் அட்டை வீட்டுச் செலவுக்காக மருமகள் நித்தியாவின் கையில் இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கணக்கில் இருநூற்று நாற்பது வெள்ளி குறைகிறது. நான் வங்கியில் கேட்டிருக்க வேண்டாமா? வாசலில் நின்று அவளைக் கேட்டேன். கேட்டேன் என்பது மேடைக்காகச் சொல்வது. கத்தினேன். திருடி என்றே சொல்லிவிட்டேன். "நான் எடுக்கல மாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு துணிகளைப் பையில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் ஏறி, புக்கிட் செந்தோசாவில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் விமலன் என்னோடு பேசுவதையே நிறுத்தினான். வீடு வெறிச்சென்று ஆனது, தாய்மார்களே, வெறிச்சென்று ஆனது. இனி அவள் வருவாளா மாட்டாளா என்பதே தெரியவில்லை.

மறுநாள் வங்கிக்குப் போனேன். முகப்பில் இருந்த மரியம் என்ற பெண், கணக்குத் தாளை என் பக்கம் திருப்பி, வாராவாரம் பணத்தை எடுத்தது யார் என்று விரல் வைத்துக் காட்டினார். என் அழகுச் செயலி! குளிர்சாதன அறையிலே எனக்கு வியர்த்துக் கொட்டியது. மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பணத்தை எடுத்தது என் ஆப்புதான், அதை நிறுத்தத் தெரியவில்லை என்று குரல்பதிவு அனுப்பினேன். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் குரல்பதிவாகவே பதில் வந்தது. "மாமா, ஆப்ப அழிச்சா மட்டும் நிக்காது. உள்ள போயி பாத்தால் அமுக்குங்க லா."

மலாயில் பாத்தால் என்றால் ரத்து. இந்த மண்டபத்தில் தெரியாதவர் உண்டா? எனக்கும்தான் தெரியும். ஆனால் முப்பது ஆண்டுகளாக மேடையிலே முழங்கி முழங்கி வளர்ந்த காது அல்லவா இது? அதற்குப் 'பார்த்தால்' என்றே கேட்டது! கோபத்திலும் செந்தமிழா என்று பூரித்துப் போனேன். உள்ளே போனேன். பச்சைப் பொத்தான் ஒன்று பளபளத்தது. பார்த்தேன், அமுக்கினேன். ஓராண்டுச் சந்தா முந்நூற்று அறுபது வெள்ளி, மிக்க நன்றி என்றது.

அம்மா, தண்ணீர் குடியுங்கள், புரையேறப் போகிறது.

வேறு வழியின்றி அவளையே அழைத்து, நடந்ததைச் சொன்னேன்.  சிரித்தாள் ஐயா, மூச்சு வாங்கச் சிரித்தாள். "எதையும் தொடாதீங்க மாமா, நான் வர்றேன்" என்றாள். மாலையில் மோட்டார் வந்து நின்றது. பையோடு வந்திருந்தாள்! சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சந்தாவை ரத்து செய்து, வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்கி, அந்த நிறுவனத்துக்குப் புகாரும் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் ஆண்டுச் சந்தா அப்படியே திரும்பி வந்தது. வாரக் காசு வரவில்லை. போகட்டும், போய்த் தொலையட்டும். எனக்குப் போன உயிர் வந்துவிட்டது.

ஆகவே உறவுகளே! இலவசம் என்று சொல்லி எண் கேட்டால் நில்லுங்கள்! பொத்தானை அமுக்குமுன் படியுங்கள்! பணம் குறைந்தால் வங்கியைக் கேளுங்கள், வீட்டுப் பெண்ணின் மீது பாயாதீர்கள்! இவ்வளவும் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். இறங்கினால் நான் மனிதனா? திட்டியது தெரு முழுக்கக் கேட்டதே, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள் முணுமுணுப்பதா? நித்தியா, அதோ மூன்றாம் வரிசையில் தலை குனிந்து இருக்கிறாய். நிமிர்ந்து உட்கார் அம்மா. குனிய வேண்டியவன் நான். உன்னை அப்படிச் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு.

என்ன சொல்கிறாள்? இங்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருக்கும் அக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

"போதும் மாமா, எறங்கி வாங்க, சோறு ஆறுது" என்கிறாளாம்.

சபையோரே, என் மருமகள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். இதற்குமேல் எனக்கு எதற்கு ஒலிபெருக்கி? பொறுமையோடு கேட்ட தலைவிக்கும், சிரித்து என் பாரத்தை இறக்கிய உங்களுக்கும் நன்றி. வணக்கம், நான் இறங்குகிறேன்.