ஒரு கட்டை, நிமிடத்துக்கு அறுபது

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவிடந்தைப் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் வஞ்சிரம் வறுவலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மேடம். இல்லாவிட்டால் சாதம் ஆறிய பிறகுதான் வரும். அங்கே ஒரு ரிசார்ட்டுக்கு ஏழு மாதமாக வாராவாரம் போய்வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

போனது மீனுக்காக இல்லை. அங்கே பியானோ வாசித்தவர் ஜெபசிங். ஐம்பத்தெட்டு வயது, தங்கமான மனிதர். முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பிய பரோக் இசை ஒன்றை அவர் ஜாஸ் பாணியில் வாசிப்பார். செங்கல்பட்டில் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற எனக்கு அந்த இசை வேதவாக்கு. அதன் சரியான வேகம் நிமிடத்துக்கு அறுபது தட்டு. சுருதி ஒரு கட்டை. கேட்டால் அழுகை வர வேண்டும். ஜெபசிங் அதை மூன்று கட்டைக்கு ஏற்றி, நூற்றுப்பத்தில் ஓட்டி, ஒரு ஸ்வரத்தை நீட்டி அடுத்ததைக் குறுக்கித் துள்ளவிடுவார். ஜனங்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நண்டு சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் பேசித்தான் பார்த்தேன். ஒரு கட்டைக்கு இறக்கி, கொஞ்சம் மெதுவாக வாசிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"கை தன்னால ஓடுதுண்ணே. வாசிக்க உக்காந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கையும் அது பின்னாலயே பூடும். நான் இன்னா பண்றது?" என்று சிரித்தார்.

நியாயமாகத்தான் பட்டது. குறை கையில் இல்லை, நெஞ்சில். நெஞ்சு என் துறை.

நான் ஒரு தனியார் இதய மருத்துவமனையில் பேஸ்மேக்கர் டெக்னீஷியன். ஜெபசிங்கின் நெஞ்சில் இருந்ததும் பேஸ்மேக்கர்தான். அது துடிக்கச் சொன்னால்தான் அவர் இதயம் துடிக்கும். பரிசோதனைக்கு என்னிடம்தான் வருவார்; மாதாமாதம் வரச் சொன்னேன். உழைக்கும்போது துடிப்பு தானாக ஏறும்படி அதில் ஒரு வசதி உண்டு. ஜூன் மாதம் அதை நிறுத்திவிட்டு அறுபதில் நிலையாக வைத்தேன். அறுபது யாருக்கும் ஆகாத எண் இல்லை.

அடுத்த ஞாயிறே வாசிப்பு தொண்ணூறுக்கு இறங்கியது. அன்றைக்கு இரண்டு தட்டு மீன் சாப்பிட்டேன். ஆனால் துள்ளல் போகவில்லை. ஜூலையில் ஐம்பது வைத்தேன், ஆகஸ்டில் நாற்பது.

"படி ஏறினா மூச்சு வாங்குதுண்ணே. கண்ணு இருட்டிகினு வருது. மெஷினு நல்லாத்தான கீது?" என்று ஜெபசிங் கேட்டார்.

"மெஷினு நல்லா கீது" என்றேன். அது பொய் இல்லை, மேடம். சொன்னபடி கேட்டது.

செப்டம்பரில் முப்பது. அந்த ஞாயிறு அவர் மனைவி ஹெலன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தார். "இன்னிக்கி ஒரு நாளு வேணாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று கெஞ்சினார். ஜெபசிங் என்னைப் பார்த்து, "உனக்கோசரம் இன்னிக்கி ஒரு கட்டையிலே வாசிக்கிறேண்ணே" என்றார்.

வாசித்தார். வேகம் அறுபது, சுருதி ஒரு கட்டை, ஒரு துள்ளல் இல்லை. சாப்பிட்டவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஹெலன் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கடைசி ஸ்வரம் மட்டும் பாக்கி இருந்தபோது அவர் நெற்றி பியானோ கட்டைகள்மேல் சாய்ந்தது. நான் எழுந்து போய், தலையைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த ஸ்வரத்தை வாசித்து முடித்தேன். அதன் பிறகு ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தப்பாக வாசித்தவரைத் திருத்தினேன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அறுபது என்றும் ஒரு கட்டை என்றும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டீர்கள். புத்தகம் எதற்கு? இருபத்தாறு வருஷமாக ஒரே டேப்ரெக்கார்டரில் அந்த இசையைக் கேசட்டில் கேட்கிறேன். நேற்று அதை இங்கே ஸ்டேஷனில் போட்டுக் காட்டியபோது உங்கள் ஏட்டம்மா சரோஜா, "டேப்பு மெதுவா இழுத்துகினு ஓடுதே மேடம்" என்றார். கேசட்டைத் திருப்பிப் போட்டு, "இந்தப் பக்கம் பாடறது யாரு, உங்க நைனாவா?" என்றும் கேட்டார்.

பாவம், அவருக்குச் சங்கீதம் தெரியாது. பாடுவது என் மனைவி மேரி. கல்யாணத்துக்கு மறுநாள் சர்ச் மெஷினில் பதிவு செய்தது. அன்று அவளுக்கு ஜலதோஷம்.