ராணியின் மிதவை வளையம்

பித்தளையைத் துலக்கப் புளியை மிஞ்சிய பொருள் கிடையாது, ஐயா. உங்கள் வீட்டில் குத்துவிளக்கு இருந்தால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் படகு மணியை நான் தேய்த்து வைத்தால் அதில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம்.

படகின் பெயர் ராணி. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார துரை, எண்ணூர்க் கழிமுகத்தில் உல்லாச சவாரிக்கு வைத்திருந்தது. நானும் நீலமேகமும் பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர்கள். பாதிப் பாதி போட்டு வாங்கினோம். சனிக்கிழமை அரைநாள் சங்கு ஊதியதும் எண்ணூருக்கு ரயிலேறி ஓடுவோம். கல்யாணமான புதிதில்கூட நான் வீட்டுக்கு அப்படி ஓடியதில்லை. ஒரு வாரம் இன்ஜினுக்குப் புது வால்வு, ஒரு வாரம் மூர் மார்க்கெட்டில் பிடித்த கப்பல் விளக்கு, ஒரு வாரம் நீல வெல்வெட் மெத்தை. அந்த மெத்தையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கசங்கிவிடும் அல்லவா.

நீலமேகம் புளியந்தோப்புக்காரன், நீச்சல் தெரியாது. கப்பலில் மாட்டியிருப்பார்களே வெள்ளை மிதவை வளையம், அதை அவனே தேடி வாங்கி வந்தான். அதில் சிவப்புப் பெயிண்டால் 'ராணி' என்று எழுதியது நான். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

போன ஞாயிறு முதல் சவாரி. கழிமுகத்தின் நடுவே போனதும் அவனுக்குக் குஷி தாங்கவில்லை.

"இன்னா அப்பாவு மாமு, சோக்கா கீதுல்ல? வர்ற வாரத்துலேர்ந்து கூலி சவாரி வுடலாம். மொதல்ல நம்ம தெருவையே இட்டுனு வரேன்னு எம் பொண்டாட்டி பூவம்மா குதிச்சிகினு கீது."

தெரு முழுக்க. வெற்றிலை எச்சில், வேர்க்கடலைத் தோல், கைக்குழந்தைகள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அப்புறம் திருஷ்டி கழிக்கிறேன் என்று தேங்காய்மேல் கற்பூரம் கொளுத்திச் சுற்றினான். புது லாரிக்கும் பஸ்ஸுக்கும் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதைத் தரையில் உடைப்பார்கள். தண்ணீருக்கு நடுவில் தரைக்கு எங்கே போவான்? ராணியின் மூக்கிலேயே ஓங்கி உடைத்தான். மூன்று பூச்சு வார்னிஷ் அடித்த தேக்கு, ஐயா.

"வுடு நைனா, அடுத்த வாரம் தேச்சிக்கலாம்" என்று சொல்லி, குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான். நான் சுக்கானை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினேன். அவன் தண்ணீரில் இருந்தான்.

"மாமு, வளையத்தப் போடு. மாமு, வளையம்" என்றான். இரண்டு முறைதான் சொல்ல முடிந்தது.

போடத்தான் எடுத்தேன். ஆனால் பெயிண்ட் காயவில்லையே, உப்புத் தண்ணீர் பட்டால் எழுத்து வழிந்துவிடுமே என்று தோன்றியது. பூவம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ராணியை இப்போது யாராவது துடைக்கிறார்களா? உப்புக்காற்று பித்தளையைத் தின்றுவிடும்.

வளையத்தை மார்போடு அணைத்துக்கொண்டுதான் கரைக்கு வந்தேன். உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் கிடக்கிற அந்த வெள்ளைச் சட்டைதான் அன்று போட்டிருந்தது. விரித்துப் பாருங்கள், ஒரு பொட்டுச் சிவப்பும் இருக்காது. பெயிண்ட் காய்ந்துதான் இருந்தது, ஐயா. எனக்குத் தெரியும்.