நம் ஆளுக்கும் குடை மடக்க வேண்டும்

"நம்ம ஆளு வந்தாலும் குடைய மடக்கணுமா அண்ணே?"

ஈப்போ போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ரப்பர்த் தோட்டத் தொழிலாளிகள். அவர்கள் பேசியது என் மகனைப் பற்றி. பேராக் மாநிலக் கவுன்சிலில் மெம்பரான பின் அவன் முதல் முறையாக அவர்கள் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தான். என்னை அவர்களுக்குத் தெரியாது.

"வெள்ளைக்காரத் தொரயோட காரு வந்தா மழையிலயும் மடக்கித்தானே நிக்கிறோம். அன்னிக்கும் மழை, காருக்குள்ள மெம்பரும் இருந்தாரு. நம்ம ஆளுதானேன்னு என் பொஞ்சாதி மடக்கல. இடுப்புல காய்ச்சலோட புள்ள."

"தொர வைஞ்சாரா?"

"அவரு வாயே தொறக்கல. மெம்பருதான் தலைய வெளிய நீட்டி, குடைய மடக்குன்னாரு. தமிழ்ல."

"புள்ள எப்படி இருக்கு?"

"ஈப்போ ஆஸ்பத்திரியில கெடக்கு. இன்னும் கண்ணு தொறக்கல."

"மெம்பரு நல்லா இருப்பாரா?"

"வையாதீங்கண்ணே. சொல்றப்போ அவரு எங்களப் பாக்கல, தொர மொகத்தையே பாத்தாரு. நம்மளவிட பயந்தவரு, பாவம்."

ஈப்போ வந்தது. என்னை அழைத்துப்போக மகன் வெளியே நிற்பான். அந்த இருவரும் நிலையத்தைத் தாண்டிப் போகும்வரை நான் இறங்கவில்லை.