புழுவைப் புழுவாகவே பாடியவர்

மன்றத் தலைவர் மியாவ் பெருந்தகையே! ஏரிக்கரைக் கவிமன்றத்து நண்பர்களே! பட்டுப்புழுக்களுக்கு அவசரமாக இலை போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாவ்சி ஊர்த் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

கவிஞர் லோ ஷிமெங் மறைந்தார். நேற்று முழுவதும் அழுதோம். இன்று அவருடைய வெற்றியைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த வெற்றியில் தோற்றவன் நான். அதனால் அதைச் சொல்லும் உரிமை முதலில் எனக்கே உண்டு!

முப்பது ஆண்டுகளுக்கு முன் அரசு வேலையை உதறிவிட்டுத் தாவ்சியில் குடியேறினார் லோ. நாங்கள் மலைகளைப் பாடினோம். பிரிவைப் பாடினோம். அரண்மனை நிலவைப் பாடினோம். அவர் யாரைப் பாடினார்? எருமை முதுகில் தூங்கி விழுந்த சிறுவனை! கொக்குக்கு இறால் கொடுத்துவிட்டு, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று அழுத பிள்ளையை!

"லோ அண்ணே, உங்க கவிதையில சாணி நாத்தம் அடிக்குது" என்று இதே மண்டபத்தில் நான் சொன்னேன்.

"அடிக்கட்டும் சாங். மூக்கைப் பொத்திக்கிட்டுப் படி. படிக்கறதுக்குக் கண்ணு போதும்" என்றார். மன்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு வசந்தத்தில்தான் அந்த நான்கு வரிகள் பிறந்தன. புழுக்கள் முசுக்கொட்டை இலை தின்னும் ஓசை மழையாகக் கேட்கிறது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு புழுத்தட்டாகப் போய், தம்பி தூங்குகிறான், மெல்லத் தின்னுங்கள் என்று அதட்டுகிறாள். கவிதை அவ்வளவுதான்.

பிறர் கவிதைக்கு உரை எழுதியே பேர் வாங்கிய எனக்கு அது போதுமா? மது ஏறிய ஒரு மதியத்தில் புலமை காட்டினேன். "புழுன்னா யாரு? அதிகாரிங்க! இலைன்னா மக்களோட விளைச்சல்! தூங்குற தம்பி யாருன்னு நானே சொல்லணுமா?" கைதட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவர் அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் லோ ஷிமெங்கைக் கட்டி இழுத்துப் போனார்கள். அரச நிந்தைக் குற்றம்! உறுதியானால் தண்டனை, தென்கோடிக் காய்ச்சல் காட்டுக்கு நாடுகடத்தல். அங்கே போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், நண்பர்களே?

விசாரித்த நடுவர் குவான் கொடியவர் அல்லர். வழியும் சொன்னார். "அரசரை இல்ல, அதிகாரிங்களத்தான் சொன்னேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"எழுத மாட்டேனுங்க. அந்தக் கொழந்தை புழுகிட்டதான் பேசுச்சு. நான் மாத்திச் சொன்னா அது பேசினதும் பொய்யாப் போயிடும்" என்றார் லோ.

நான் முன்வந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன். அந்த வெட்கம் இன்றும் என்னோடு இருக்கிறது.

நேரில் பார்த்துவிடுவோம் என்று நடுவர் தாவ்சிக்குக் கிளம்பினார். நாங்களும் பின்னால் போனோம். புழு வளர்க்கும் வீட்டு வாசலில் கட்டியக்காரன், "விலகு! விலகு!" என்று முழங்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஆலுவோ, கவிதையில் வரும் அதே பெண்.

"யோவ்! ஏன்யா கத்துற? இப்பத்தான் தம்பி கண்ண மூடினான்!"

கட்டியக்காரன் தானே விலகி நின்றான். மாவட்டமே நடுங்கும் நடுவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு குனிந்தார். "நீ சொன்னா இந்தப் புழுவெல்லாம் கேக்குமா, பாப்பா?"

"கேக்காது. அதுக்காகச் சொல்லாம விட்டுட முடியுமா?"

நடுவர் காலணிகளைக் கழற்றினார். அடிமேல் அடி வைத்து உள்ளே போய், நெடுநேரம் அந்த மழையோசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் குற்றப் பத்திரிகையைக் கிழித்தார். "இதுல புழுதான்யா இருக்கு. வேற எதுவும் இல்ல. அவரை அவுத்து விடுங்க!"

வென்றது யார்? நான்கு வரி வென்றது! ஐந்து வயது வென்றது! பொய் சொல்ல மறுத்த ஒரு மனிதர் வென்றார்!

அன்றே அவரிடம் போய், "நான்தான் அண்ணே அந்தப் பொருளைச் சொன்னேன்" என்று தலைகுனிந்தேன்.

"தெரியும்டா. நீ உரை சொல்ற நடை எனக்குத் தெரியாதா? வா, மீன் ஆறுது" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

இன்று அந்த நான்கு வரிகளைப் படகோட்டிகள் பாடுகிறார்கள். தலைநகர் லின்ஆனில் பிள்ளைகள் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். நாங்கள் பாடிய அரண்மனை நிலவுகள் எங்கே? எங்களுக்கே நினைவில்லை!

அவையோரே, அவர் விட்டுச்சென்ற முந்நூற்றுப் பன்னிரண்டு கவிதைகளையும் பேரிமரப் பலகையில் செதுக்கி அச்சிடுவோம். இந்த மன்றம் இன்று ஏற்கும் உறுதி இது. நான் உரை எழுதாத முதல் நூலும் அதுவே!

இறப்பதற்கு மூன்று நாள் முன்பு அவர் கடைசியாக ஒரு கவிதை எழுதினார். பக்கத்து வீட்டுக் குழந்தை அவர் தாடியில் நரையை எண்ணுகிறது. எண்ணிக்கை தவறுகிறது. முதலிலிருந்து தொடங்குகிறது. அது எண்ணி முடிக்கட்டும் என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் பலகை அதற்குத்தான். செதுக்குபவரிடம் உளியைக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இந்நேரம் முதல் வரி முடிந்திருக்கும்.