உள்ளங்கையில் இருபது நிமிடம்

ஓடுகிறேன். மடியிலிருந்த சுளகு கவிழ்ந்து பீடி இலையும் தூளும் தெருவில் சிதறிக் கிடக்கின்றன. பகல் இரண்டரை மணி. சாரல் விழுகிறது.

"ஏட்டி, குனி! எறியுதானுவ! குனிட்டி!" பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

முதல் குண்டு தூரத்தில். வறண்ட சத்தம். இரண்டாவது வாய்க்கால் கரையில். காது அடைத்துக்கொண்டது. மூன்றாவது எனக்குக் கேட்கவில்லை. புகையைத்தான் பார்த்தேன். புகைக்குள் என் வீட்டுக்காரர் கிடந்தார். கையில் மண்வெட்டி இருந்தது. தொடை கிழிந்து தொங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, ஆடி மாதம். குற்றாலத்தில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாய்க்காலில் தண்ணீர் தளும்பிப் போனது. அந்தத் தண்ணீருக்குத்தான் மேலத்தெருவும் கீழத்தெருவும் நாட்டுக்குண்டு எறிந்துகொண்டன. மடையை முதலில் யார் திறப்பது என்ற வீம்பு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பட்டாளத்துக்குப் போனவர்கள்தான் போரைப் பார்த்தார்கள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வாழைத்தார் ஏற்ற வந்த லாரியில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். அதே லாரியில் கீழத்தெரு ஆள் ஒருவர். வயிற்றில் குண்டுக்குள் வைத்த ஆணிகள் பாய்ந்திருந்தன. அவர் மனைவியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவளைப் பார்த்துக் காறித் துப்பினேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் ஒரே வகை ரத்தம். இருந்தது ஒரே ஒரு பாட்டில். அடுத்தது திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். ரத்தம் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டார். எங்கள் இரண்டு பெண்களின் ரத்தமும் வகை சேரவில்லை. எங்களோடு வந்த வீரர்கள் அத்தனை பேரும் டீ குடிக்கப் போனார்கள். இன்னும் குடித்து முடிக்கவில்லை.

உப்புத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டில் யாருக்கு என்று முடிவுசெய்ய, நர்ஸம்மா இருவர் கையிலும் ரத்தம் எடுத்து இரண்டு கண்ணாடிக் குழாயில் விட்டார். கரண்ட் இல்லை. உடம்புச் சூடு வேண்டும் என்று அவரவர் வீட்டுக்காரர் குழாயை எங்கள் இருவர் கையிலும் கொடுத்தார்.

"உள்ளங்கைல பொத்தி வச்சுக்கோங்க. ஆட்டாதீங்க. இருபது நிமிசம். உறைஞ்சா பயமில்ல. தண்ணியாவே கிடந்தா ஆபத்து, அவருக்குத்தான் பாட்டில்."

மணி மூன்று ஐம்பது. கீழத்தெருக்காரி வயல் வேலை செய்பவள். கை அசையவில்லை. நான் ஒன்பது வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். கண் என் வீட்டுக்காரர் முகத்தில் இருக்கிறது. விரல் தன்பாட்டுக்குக் குழாயை உருட்டுகிறது. உருட்டுவது எனக்கே தெரியவில்லை.

நாலு பத்து. நர்ஸம்மா சாய்த்துப் பார்த்தார். என் குழாயில் உறைந்திருந்தது. அவள் குழாயில் தண்ணீராகவே ஓடியது. பாட்டில் அந்தக் கட்டிலுக்குப் போனது. எனக்கு ஒரே சந்தோஷம். அவளைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஐந்து மணி. என் வீட்டுக்காரருக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஈறிலும் கசிந்தது. நர்ஸம்மா மறுபடி எடுத்தார். இந்தத் தடவை குழாயைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். உறையவே இல்லை.

"ஏம்மா, மொதல்ல குழாய உருட்டுனியா? உருட்டுனா சீக்கிரம் உறைஞ்சிருமே."

"இல்லக்கா."

ஆறு இருபதுக்கு அவர் போய்விட்டார். திருநெல்வேலிப் பாட்டில் ஏழு மணிக்கு வந்தது.

நான் உருட்டாமல் இருந்திருந்தால் இரண்டு குழாயும் தண்ணீராகக் கிடந்திருக்கும். அப்போது டாக்டர் யாருக்குக் கொடுத்திருப்பார்? தெரியாது. கீழத்தெரு ஆள் பிழைத்துக்கொண்டார். இன்றும் என் வாசல் வழியாகத்தான் மடைக்குப் போகிறார். நான் மறுமாதமே சுளகை மடியில் வைத்தேன். வேறு தொழில் தெரியாது.

எண்ணிச் சொல்கிறேன். செத்தவர் ஒருவர், வயது முப்பத்தொன்று. கண் போனவர் ஒருவர். எரிந்த வீடுகள் நாலு. தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த என் மகள் ஒருத்தி. மடையைப் போலீஸ் பூட்டியதால் அந்தப் போகம் இரண்டு தெருவும் நடவில்லை. நர்ஸம்மாவிடம் நான் சொன்ன பொய் ஒன்று. அதையும் சேர்த்து இன்றுதான் எண்ணுகிறேன்.